யானைக் காவலுக்குத் தேர்மல் பைனாகுலர்: தூரம் அளக்கும் லேசர் கட்டாயம் வேண்டுமா?

தம்பலகாமத்தான் | ஒக்டோபர் 12

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குத் தம்பலகாமத்தில் நாலு ஏக்கர் வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் செய்கிறோம். மேற்கே மூன்று பேருடைய காணி தாண்டினால் பற்றைக்காடு. போன பெரும்போகத்தில் குடலைப் பருவத்தில் ஒரு தடவை, கதிர் முற்றிய நேரம் ஒரு தடவை யானை இறங்கியது. இரண்டாம் தடவை மட்டும் முக்கால் ஏக்கர் மிதிபட்டுப் போனது.

அப்பாவுக்கு 63 வயது. இன்னும் அவர்தான் பரணில் காவல். நான் வேலை முடிந்து போய்ச் சேர இரவு எட்டு மணி தாண்டிவிடும். அதுவரைக்கும் ஒரு ரோச் லைட்டும் இரண்டு யானை வெடியும் வைத்துக்கொண்டு தனியாக இருப்பார். சத்தம் கேட்டால் இறங்கி வரம்பில் நடந்துபோய்ப் பார்க்கிற பழக்கம் வேறு. எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார்.

கனடாவில் இருக்கும் சித்தப்பா மார்கழியில் வருகிறார். வெப்பத்தைப் பார்க்கும் பைனாகுலர் ஒன்று வாங்கி வருகிறேன் என்றார். அவர் சொல்லும் காசுக்கு இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று 384 சென்சர் (படத்தின் அகலத்துக்கு 384 புள்ளி), 35 மில்லிமீற்றர் லென்ஸ், உள்ளே லேசர் தூரமானி இருக்கிறது. மற்றது 640 சென்சர், 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஆனால் தூரமானி இல்லை. படம் தெளிவாக இருப்பது இரண்டாவதுதான் என்று கடைக்காரர் சொன்னாராம். யானையைக் கண்டால் போதாதா, அது எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்று சித்தப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வயலில் பாவித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இரண்டு பெட்டியிலும் 1800 மீற்றர் வரை தெரியும் என்று போட்டிருக்கிறது, அது உண்மையா?


முள்ளிப்பொத்தானைப் பரண் | ஒக்டோபர் 13

தம்பி, எங்கள் கமக்காரர் அமைப்புக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் வாங்கித் தந்ததை இரண்டு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் முறைவைத்துப் பாவித்திருக்கிறோம். நீங்கள் சொன்ன முதலாவது வகைதான். கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: லேசர் உள்ளதையே வாங்கச் சொல்லுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பகலில் ஒரு மாடு நிற்பதைக் கண்டால் அது எவ்வளவு தூரம் என்று நமக்குத் தன்பாட்டில் தெரிந்துவிடும். நிழல், நிறம், இடையில் இருக்கும் வரம்பு, மரம் எல்லாம் சேர்ந்து கண்ணுக்குக் கணக்குச் சொல்லும். தேர்மல் திரையில் அது ஒன்றும் இல்லை. கறுத்த வெளியில் ஒரு வெள்ளை உருவம், அவ்வளவுதான். 60 மீற்றரில் நிற்கும் அரை மீற்றர் உயர நாயும் 300 மீற்றரில் நிற்கும் இரண்டரை மீற்றர் உயர யானையும் திரையில் ஒரே உயரம். உருவத்தைப் பார்த்துப் பிரிக்கலாமே என்று நினைப்பீர்கள். நெற்பயிர் பாதி உடம்பை மறைத்துவிட்டால், அந்த நேரம் ஃபோகஸும் சரியில்லாவிட்டால், பிரிக்க முடியாது.

எங்களுக்கு முதல் கிழமையிலேயே இது நடந்தது. ஃபோகஸ் வளையம் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறியதில் திரும்பியிருந்தது. இரவு ஒன்றே முக்கால் மணி. பயிருக்கு மேலே பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று அசைந்தது. மச்சான் ‘யானை’ என்றார். நானும் பார்த்தேன், யானை என்றுதான் நினைத்தேன். வெடியைக் கொளுத்தி எறிந்தது நான்தான். அங்கே நின்றது பக்கத்து வயல்காரர். தண்ணீர் கட்ட வந்தவர், குனிந்து மண்வெட்டியால் மடையை வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எங்கள் பரணிலிருந்து 40 மீற்றர்கூட இல்லை. வெடி அவருக்கு ஒரு பாகம் (ஆறடி அளவு) தள்ளி வாய்க்காலுக்குள் விழுந்தது. காது இரண்டு நாள் இரைந்துகொண்டே இருந்ததாம். லேசர் பொத்தானை ஒரு தடவை அமத்தியிருந்தால் 38 என்று வந்திருக்கும். யானை 38 மீற்றரில் நின்றால் திரை நிறைய நிற்கும், இவ்வளவு சின்னதாகத் தெரியாது என்று அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அந்த இரவு மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பரணில் தூரம் பார்க்காமல் யாரும் வெடி தொடக்கூடாது.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். யானை ஓடினால் மணிக்கு 24 கிலோமீற்றர் வேகம் வரும். அதாவது 150 மீற்றரைக் கடக்க 22 விநாடி. உங்கள் அப்பா இருட்டில் வழுக்கும் வரம்பில் 22 விநாடியில் எவ்வளவு தூரம் ஓடுவார்? தூரம் தெரிவது இதற்காகத்தான். இறங்கிப் போய்ப் பார்க்காமல் இருப்பதற்கான சாமான் இது.

வாங்கியதும் முதல் வேலையைப் பகலில் செய்யுங்கள். பரணில் ஏறி நின்று கண்ணுக்குப் படும் ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். எங்களுக்குப் போக்கு (மதகுக்கட்டு) 86, மின்கம்பம் 142, ஒற்றைப் பனை 231, பற்றைக் கரை 318. பரண் பலகையில் பெயின்ரால் எழுதி வைத்திருக்கிறோம். பனைக்கு அப்பால் நின்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். பனையைத் தாண்டினால் தகரம் தட்டிச் சத்தம் போடுவோம், பக்கத்துப் பரண்களுக்குப் போன் போகும். மின்கம்பத்துக்கு இங்கால் வந்துவிட்டால் யாரும் கீழே இறங்குவதில்லை, நெல் போனால் போகட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்தால் வருகிறதா போகிறதா என்பதும் தெரியும். 420, பிறகு 385 என்றால் வருகிறது.

லேசர் பொய் சொல்லும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒளி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் அளக்கிறது. முன்னால் ஒரு இல்லுக்குப் புல் ஆடினாலும் அதில் பட்டுத் திரும்பி வந்துவிடும். யானை 210-இல் நிற்க, 31 என்று காட்டும். அதனால் ஒரு தடவை அளந்து நம்பாதீர்கள், மூன்று நான்கு தடவை அமத்தி, திரும்பத் திரும்ப வரும் எண்ணை எடுங்கள். குறியை யானையின் விலாவில் வையுங்கள். காலடியில் வைத்தால் கால்களுக்கு நடுவால் போய்ப் பின்னால் உள்ள மரத்தை அளந்துவிடும். மழைக்குள் துளியில் பட்டு 12, 15 என்று வரும். தை மாத விடியற்காலைப் பனிமூட்டத்திலும் அப்படித்தான். பனிமூட்டத்தில் தேர்மல் படம் மங்கலாகவாவது தெரியும், லேசர் அதற்கு முன்னமே கைவிட்டுவிடும்.

பெட்டியில் உள்ள 1800 மீற்றர் பொய் இல்லை. ஆனால் ‘அங்கே ஏதோ சூடாக இருக்கிறது’ என்பது மட்டும்தான் அந்தத் தூரத்தில் தெரியும். என்ன மிருகம் என்பது தெரியாது. எங்கள் அனுபவத்தில் 500 மீற்றருக்குள் யானையை யானை என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். காதை விசிறும்போது ஓரம் கறுத்தும் வெளுத்தும் மாறி மாறித் தெரியும். மாட்டில் அது இல்லை. சற்று முன் போட்ட லத்திகூட வரம்பில் வெள்ளை உருண்டைகளாகக் கிடக்கும். அதை வைத்து யானை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம்.

ஆனால் குளித்துச் சேறு பூசி வந்த யானை சூழலோடு கலந்து மங்கிவிடும், அப்போது இன்னும் கவனம் வேண்டும். சிறுபோகத்தில் கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாட்களில் கல்லும் மண்ணும் பகல் வெயிலைப் பிடித்து வைத்திருக்கும், இரவு ஒன்பது பத்து மணி வரைக்கும் பாறை எல்லாம் வெள்ளையாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த கையோடு எல்லாம் ஒரே சூடு, ஒன்றும் பிரியாது. அடர்ந்த பற்றைக்குள் நிற்பதும் தெரியாது, இது சுவரை ஊடுருவும் கண் இல்லை. கண்ணாடியைக்கூட ஊடுருவாது. வான் வண்டிக்குள் இருந்து கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்தால் உங்கள் முகத்தின் சூடுதான் தெரியும்.

ஒன்று முக்கியம். பைனாகுலரில் இரண்டு கண்ணும் திரையைப் பார்க்கின்றன. கண்ணிலிருந்து எடுத்த பிறகு சில நிமிடங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் உடனே எழும்பி நடந்து பரண் ஏணியில் ஒரு படி தவறி விழுந்து முழங்கால் வீங்கி ஒரு கிழமை கிடந்தேன். திரை வெளிச்சத்தை ஆகக் குறைத்து வையுங்கள், பார்த்த பிறகு கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கள். அப்பாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.


பழைய சேவையர் | ஒக்டோபர் 13

நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், இப்போது உவர்மலையில் இருக்கிறேன். வயல் காவல் அனுபவம் எனக்கு இல்லை. தூரமும் கோணமும் நாற்பது வருடம் பார்த்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

மேலே முள்ளிப்பொத்தானைத் தம்பி சொன்னதைக் கணக்காகப் பாருங்கள். இப்போது வரும் சென்சர்களில் ஒரு புள்ளியின் அளவு பொதுவாக 12 மைக்ரோன். அதை 35 மில்லிமீற்றர் லென்ஸால் பிரித்தால், 1000 மீற்றரில் ஒரு புள்ளி ஏறக்குறைய 34 சென்ரிமீற்றரைப் பிடிக்கும். 300 மீற்றரில் 10 சென்ரிமீற்றர். ஆகவே 300 மீற்றரில் இரண்டரை மீற்றர் யானைக்கு 24 புள்ளி, ஒரு மீற்றர் நாற்பது உயரமுள்ள எருமைக்கு 14 புள்ளி. தூரம் தெரிந்தால் இந்த இரண்டையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். தூரம் தெரியாவிட்டால் 24 புள்ளி என்பது கிட்ட நிற்கும் எருமையாகவும் இருக்கலாம். 1800 மீற்றரில் ஒரு ஆள் நின்றால் உயரத்துக்கு மூன்று புள்ளிதான் கிடைக்கும்.

50 மில்லிமீற்றர் லென்ஸில் 1000 மீற்றருக்கு 24 சென்ரிமீற்றர். படம் நிச்சயமாக நல்லது. காசு கூடினால் 640-உம் லேசரும் சேர்ந்ததை எடுப்பது உத்தமம். இரண்டில் ஒன்றுதான் என்றால் நானும் லேசர் பக்கம்தான்.

384-இல் ஒரு குறை உண்டு. பார்வை அகலம் ஏழரைப் பாகை, 300 மீற்றரில் சுமார் 40 மீற்றர் அகலம் மட்டும். அதனால் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்காமல் இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்ட வேண்டும். வாங்கும்போது படம் விநாடிக்கு 50 தடவை மாறுகிறதா என்று பாருங்கள். 9 தடவை மாறும் வகையும் விற்கிறார்கள், அதை ஓட்டிப் பார்த்தால் படம் தட்டித் தட்டிப் போகும்.

அடுத்தது சோதனை. எந்தக் கருவியையும் நான் சோதிக்காமல் களத்துக்குக் கொண்டுபோனதில்லை. நாடாவால் 100 மீற்றர் அளந்து, முனையில் ஒரு பலகையைக் கட்டி லேசரால் பாருங்கள். ஒரு மீற்றர் கூடக் குறைய இருக்கலாம், அது சரி. பிறகு தனியாக நிற்கும் மின்கம்பம் ஒன்றில் குறியை வைத்து, மெல்ல இடமும் வலமும் நகர்த்தி, எந்த இடத்தில் எண் மாறுகிறது என்று பாருங்கள். லேசர் ஒரு கண்ணாடியால் போகிறது, படம் வேறொரு லென்ஸால் வருகிறது. திரைக் குறியும் லேசர் படும் இடமும் ஒன்றா என்பதை இப்படித்தான் அறியலாம்.

பகலில் இதையெல்லாம் செய்யும்போது சூரியன் பக்கம் மட்டும் லென்ஸைத் திருப்ப வேண்டாம். கருவி நிறுத்தி இருந்தாலும் சென்சர் கருகும். வேலை இல்லாத நேரம் மூடி போட்டே இருக்கட்டும்.


தம்பலகாமத்தான் | ஒக்டோபர் 14

அண்ணைக்கும் ஐயாவுக்கும் பெரிய நன்றி. நாய்க் கணக்கைச் சித்தப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், உடனே லேசர் உள்ளது என்று சொல்லிவிட்டார். பற்றறி எவ்வளவு நேரம் நிற்கும்? பரணில் மின்சாரம் இல்லை. கொண்டுவருவதில் பிரச்சினை வருமா?


முள்ளிப்பொத்தானைப் பரண் | ஒக்டோபர் 14

எங்களுடையது விடாமல் போட்டால் ஐந்தரை மணி நேரம். இரவு பதினொரு மணி நேரம் என்பதால் கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கருவியைத் தூங்க விடுவோம். அப்படிச் செய்தால் ஒரு பற்றறி விடியும் வரை வரும். பவர் பாங்க் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவருவது பற்றி: சித்தப்பா விமானம் ஏறுவதற்கு முன் சுங்கத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்காமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். வந்த பிறகு கிராம சேவகரிடமும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று யானைக் காவலுக்கு இருக்கிறது என்று சொல்லி வையுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். சீனன்குடா விமானப்படைப் பக்கமோ, டவுனுக்குக் கொண்டுபோய்க் கடற்படைத் தளத்துப் பக்கமோ விளையாட்டுக்குக்கூடத் திருப்பிப் பார்க்காதீர்கள்.


மூதூர் மகள் | ஒக்டோபர் 16

அண்ணா, நான் மூதூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் யானைத் தொல்லைதான். எங்கள் மாமா பரணில் அடிபடவில்லை. விடிய ஐந்து மணிக்குப் பால் எடுக்க மாட்டுப்பட்டிக்குப் போகும் வழியில்தான் யானை தூக்கி எறிந்தது. உயிர் தப்பினார், இடுப்பு சரியாகவில்லை. அந்த இரவு அந்த யானையை நாலு மணிக்கே பரணில் இருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வயலை விட்டுப் போய்விட்டது, சரி என்று படுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்குக் களைப்பு. ஆனால் அது போன பக்கத்தில் மாமா நடந்து வந்தார்.

அதனால் பரணில் இருந்து பார்த்ததை வீடுகளுக்குச் சொல்ல ஒரு ஒழுங்கு வையுங்கள். எங்கள் தெருவில் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, தமிழ், முஸ்லிம் வீடுகள் எல்லாம் அதில் உண்டு. முதலில் ‘யானை 230’ என்று மட்டும் போட்டார்கள். யாருடைய பரணிலிருந்து 230, எந்தப் பக்கம் 230 என்று யாருக்கும் விளங்கவில்லை. இப்போது இடத்தின் பெயரைத்தான் முதலில் போடுகிறோம்: ‘உடைஞ்ச மதகடி, மூன்று யானை, குளத்துப் பக்கம் நடக்கிறது.’ தூரத்தை அளந்து அதை ஒரு ஊர்ப்பெயராக மாற்றிச் சொன்னால்தான் அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது விளங்கும். காலை நாலரைக்குக் கட்டாயம் ஒரு தகவல் வரும், ஒன்றும் இல்லாவிட்டாலும் ‘ஒன்றும் இல்லை’ என்று வரும். அது வராமல் அம்மா யாரையும் வெளியே விட மாட்டா.


தம்பலகாமத்தான் | ஜனவரி 19

எழுதத் தாமதம், மன்னிக்கவும். சாமான் வந்து நான்கு கிழமை. சித்தப்பா சுங்கத்தில் முன்னமே கேட்டுக் கடிதம் எடுத்ததால் தாமதம் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஐயா சொன்னபடி 100 மீற்றர் நாடா பிடித்துப் பார்த்தோம், 100 என்றும் 101 என்றும் வந்தது. மின்கம்பச் சோதனையில் லேசர் குறிக்குக் கொஞ்சம் வலப்பக்கம் படுவது தெரிந்தது. இப்போது குறியை ஒரு மயிரிழை இடப்பக்கம் வைத்து அமத்துகிறோம்.

முதல் கிழமை முழுக்க ஒரே குழப்பம். மழை இல்லாத நாட்களில் பொழுது பட்டதும் தென்மேற்கில் ஒரு வெள்ளை உருவம் குந்தியிருக்கும். பத்து மணியளவில் மங்கிவிடும். அப்பா ஒவ்வொரு தடவையும் குட்டியானை என்றார். அளந்தால் எப்போதும் 118. நாலாம் நாள் பகலில் 118-ஐப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், கறையான் புற்று. பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்திருக்கிறது.

முந்தாநாள் இரவு மூன்று பத்துக்கு உண்மையாகவே வந்தன. மூன்று, அதில் ஒன்று சின்னது. நான் நித்திரை, அப்பாதான் கண்டார். என்னை எழுப்பவில்லை. நான் கண் விழித்தபோது பரண் ஓரத்தில் குந்தியிருந்து பைனாகுலரைப் பிடித்தபடி மெதுவாக எண் சொல்லிக்கொண்டிருந்தார். ‘நாநூற்றி ரெண்டு.’ கொஞ்ச நேரம் கழித்து ‘முந்நூற்றி எழுபத்தொண்டு.’ எங்கள் கணக்கில் புளியமரம் 260, அதைத் தாண்டினால்தான் தகரம். அவர் கை தகரத்தில் இருந்தது, ஆனால் அடிக்கவில்லை. ‘முந்நூற்றி எழுபத்தாறு.’ பிறகு நாநூற்றிப் பத்து. பற்றைக்குள் போய் மறைந்துவிட்டன. நாலரைக்குத் தங்கச்சி சொன்ன மாதிரி குழுவில் போட்டேன்: ‘புளியமரத்துக்கு அப்பால், மூன்று, காட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.’

அப்பா பரணை விட்டு இறங்கவே இல்லை. விடிந்த பிறகு போய்ப் பார்த்தோம், பற்றைக் கரையில் அடி இருந்தது, எங்கள் பக்கம் ஒரு நெல்லும் சாயவில்லை. ஒரு கேள்வி மட்டும்: லென்ஸில் விடியப் பனி பிடித்து மங்குகிறது. சாரத் துணியால் துடைக்கலாமா?


முள்ளிப்பொத்தானைப் பரண் | ஜனவரி 19

வாசிக்கச் சந்தோஷம் தம்பி. சாரத்தால் துடைக்காதீர்கள், அதில் இருக்கும் தூசி லென்ஸின் பூச்சைக் கீறிவிடும். அது சாதாரணக் கண்ணாடி இல்லை, ஜேர்மானியம். ஊதும் பந்தால் தூசியை எடுத்துவிட்டு, லென்ஸ் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பாவிக்காத நேரம் மூடி போட்டு வைத்தால் பனியும் அவ்வளவு பிடிக்காது. அந்தக் கறையான் புற்றையும் 118 என்று பலகையில் எழுதி விடுங்கள். உங்களுக்குப் பதிலாகக் காவலுக்கு வருகிறவருக்கு அது தெரியாது.